ஆர்.வி. பயணத்தில் ஃபேர் மைதானத்தில் தங்குவது: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் வீட்டுக்காரரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இருபத்தைந்து அடி ஆர்.வி. ஒன்று, அதாவது படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி, வாங்கினோம். கோடை வந்தால் அமெரிக்காவின் நடுப்பகுதி மாநிலங்களில் சுற்றுவோம். வழியில் கவுன்ட்டி ஃபேர், ஸ்டேட் ஃபேர் எது வந்தாலும் அந்த மைதானத்திலேயே வண்டியை நிறுத்தி இரண்டு மூன்று இரவு தங்கிவிடுவோம். கோயிலிலும் கல்யாண வீட்டிலும் இதைப் பற்றி எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, எங்களுக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன்.

ஃபேர்னா என்ன? நம்ம ஊர் பொருட்காட்சி மாதிரி ராட்டினமும் டெல்லி அப்பளமும்தானே?

ராட்டினம் உண்டு. டெல்லி அப்பளத்துக்குப் பதிலாக, எண்ணெயில் மாவைச் சுற்றிப் பிழிந்து சர்க்கரை தூவித் தரும் ஃபனல் கேக் உண்டு. ஆனால் ஃபேர் தொடங்கியதே விவசாயிகளுக்காகத்தான். 1807-இல் எல்கானா வாட்சன் என்பவர் மாசசூசெட்ஸ் மாநிலம் பிட்ஸ்ஃபீல்டில், ஊர்ப் பொதுத்திடலில் இரண்டு மெரினோ ஆடுகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். நல்ல கம்பளி தரும் இனம் எப்படி இருக்கும் என்று அக்கம்பக்கத்து விவசாயிகள் கண்ணால் பார்க்கட்டும் என்பதுதான் அவர் எண்ணம். ஜனம் ஆவலோடு வந்து பார்த்தது. அதைப் பார்த்து அவர் விவசாயச் சங்கம் அமைத்தார், கால்நடைக் கண்காட்சி நடத்தினார், பரிசு கொடுத்தார். அப்படியே மற்ற ஊர்களுக்கும் பரவியது. மாநில அளவிலான முதல் ஃபேர் 1841-இல் நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸில் நடந்தது.

கவுன்ட்டி என்பதை நம்ம ஊர் தாலுகா, மாவட்டம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஐயோவா மாநிலத்தில் மட்டும் 99 கவுன்ட்டிகள். பெரும்பாலும் ஜூலையில் கவுன்ட்டி ஃபேர்கள் நடக்கும். அவற்றில் கலந்துகொண்ட பிள்ளைகளில் பலர் ஆகஸ்டில் தலைநகர் டி மொய்னில் நடக்கும் ஸ்டேட் ஃபேருக்குப் போவார்கள். அந்தியூர்ச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு வாசனையே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்: வைக்கோல், சாணம், ஈரமண்.

எந்த மாசம் போகணும்? முதலில் எதற்குப் போகலாம்?

முதலில் ஜூலையில் ஒரு சின்னக் கவுன்ட்டி ஃபேருக்குப் போங்கள். முழுவதையும் ஒரே நாளில் நடந்து பார்த்துவிடலாம், கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்வார்கள். அப்புறம் ஆகஸ்டில் ஐயோவா ஸ்டேட் ஃபேர். பதினொரு நாள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டம், 445 ஏக்கர் மைதானம். 1854-இல் தொடங்கியது, 1886 முதல் இப்போதிருக்கும் இடத்திலேயே நடக்கிறது. எடுத்த எடுப்பில் இதற்குப் போனால் எதைப் பார்ப்பது என்றே தெரியாமல் கால் வலிதான் மிஞ்சும்.

ஆகஸ்ட் வெயில் ஒத்துக்கொள்ளாது என்றால், செப்டம்பரில் அதே மாநிலத்தின் ஸ்பென்சர் ஊரில் நடக்கும் கிளே கவுன்ட்டி ஃபேர் நல்லது. கிழக்குக் கரையில் இருப்பவர்கள் அக்டோபர் தொடக்கத்தில் மேய்ன் மாநிலத்து ஃப்ரைபர்க் ஃபேரைப் பார்க்கலாம். 1851-இல் தொடங்கிய ஃபேர் அது. இலை நிறம் மாறும் நேரமும் அதுதான், ஆர்.வி.க்காரர்கள் ஏராளமாக வருவார்கள்.

ஆர்.வி. ஓட்டத் தனி லைசென்ஸ் வேணுமா அக்கா? எங்களுக்குக் கார் மட்டும்தான் ஓட்டத் தெரியும்.

பெரும்பாலான மாநிலங்களில் மொத்த எடை 26,000 பவுண்டுக்குள் இருந்தால் சாதாரண லைசென்ஸே போதும். எங்களுடையது கிளாஸ் சி, அதாவது வேன் மூக்கும் அதன் மேல் துருத்திக்கொண்டிருக்கும் படுக்கையும் உள்ள வகை. அது இதில் பாதி எடைதான். சில மாநிலங்களில் பெரிய வண்டிக்குத் தனி விதி உண்டு என்பதால் உங்கள் மாநிலத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

வாங்கும் முன் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். வண்டியின் உயரத்தை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். பாலத்துக்கு அடியில் போகும்போதுதான் அது ஞாபகத்துக்கு வராது.

மைதானத்துக்குள்ளேயே தங்கணுமா? பக்கத்து ஊரில் ஹோட்டல் எடுத்துக்கொண்டு பகலில் போய்ப் பார்த்தால் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல நினைப்பதில் முக்கியமானது இதுதான். பகல் பத்து மணிக்குக் கார் நிறுத்தி உள்ளே வருபவர்கள் பார்ப்பது கடைத்தெருவைத்தான். ஃபேர் நடப்பது விடியற்காலையில், கூட்டம் வருவதற்கு முன்னால். இன்னொரு முறை ராத்திரியில், ராட்டின விளக்குகள் அணைந்த பிறகு.

இரண்டு வருடம் முன்பு ஒரு சின்னக் கவுன்ட்டி ஃபேரில் காலை ஐந்தரை மணிக்குக் காபித் தம்ளரோடு வெளியே வந்தேன். கொட்டகைக்குப் பக்கத்தில் சிமென்ட் தளத்தில் தண்ணீர் ஓடும் சத்தம். பன்னிரண்டு வயது இருக்கும் ஒரு பெண், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, தன்னைப் போலப் பத்துப் பதினைந்து மடங்கு எடை இருக்கும் கறுப்புக் காளைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். மூக்கணாங்கயிறு கிடையாது, முகத்தைச் சுற்றி ஒரு கயிறு, அவ்வளவுதான். வயிற்றுக்கடியில், வால் நுனியில், குளம்பிடுக்கில் என்று ஒன்று விடாமல் தேய்த்தாள். பிறகு பெரிய ஊதுகுழல் யந்திரம் ஒன்றால் ரோமத்தை உலர்த்தி, மேல்நோக்கிச் சீவிவிட்டாள். காளை கண்ணை மூடிக்கொண்டு நின்றது. அதன் பெயர் பிஸ்கட் என்றாள். ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்துக்காக நான் இன்னும் ஆயிரம் மைல் போவேன்.

ராத்திரியில் பிள்ளைகள் கொட்டகையிலேயே மடக்குக் கட்டில் போட்டுச் சீட்டு விளையாடுவார்கள். தாத்தாக்கள் நாற்காலி போட்டு மழையைப் பற்றியும் சோள விலையைப் பற்றியும் பேசுவார்கள். நின்று கேட்டால் நாற்காலி ஒன்றை நம் பக்கம் தள்ளிவிடுவார்கள். ஹோட்டலில் இருப்பவருக்கு இதெல்லாம் கிடைக்காது.

சரி, இடம் பிடிப்பது எப்படி?

பிப்ரவரி, மார்ச்சிலேயே அந்த ஃபேர் ஆபீஸுக்குப் போன் செய்யுங்கள். சின்ன ஃபேர்களில் இணையத்தில் பதிவு இருக்காது, போனை எடுப்பவரே முடிவு செய்பவராகவும் இருப்பார். ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: இடம் மாடு கொண்டுவருபவர்களுக்கு மட்டும்தானா, வெளியாருக்கும் உண்டா? சில ஊர்களில் முதல் உரிமை அவர்களுக்கு. மிச்சம் இருந்தால்தான் நமக்கு. அது நியாயமும்கூட.

ஐயோவா ஸ்டேட் ஃபேரின் முகாம் மைதானம் மட்டுமே 160 ஏக்கர். இருந்தாலும் கரண்டு வசதியுள்ள நல்ல இடங்களைத் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பங்கள் வைத்திருக்கும். இடம் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். டி மொய்னுக்கு வடக்கே சேலர்வில் ஏரி இருக்கிறது. ராணுவப் பொறியாளர் பிரிவு பராமரிக்கும் முகாம்கள் அங்கே உண்டு. அங்கே தங்கிக்கொண்டு ஒருநாள் மட்டுமாவது விடியற்காலையில் கிளம்பி மைதானத்துக்கு வந்துவிடுங்கள்.

கரண்டு, தண்ணி, கழிவு எல்லாம் எப்படி? இட்லி மாவு அரைக்க முடியுமா மாமி?

பெரும்பாலும் 30 ஆம்ப் இணைப்புத்தான் கிடைக்கும். 120 வோல்ட்டில் அது 3,600 வாட். ஏ.சி.க்கு ஏறக்குறைய 1,500, இண்டக்‌ஷன் அடுப்புக்கு 1,800 என்று கூட்டினாலே 3,300 ஆகிவிட்டது. அதோடு மிக்ஸியைப் போட்டால் பிரேக்கர் விழும். அதனால் சமைக்கும்போது ஏ.சி.யை நிறுத்திவிடுவேன், அல்லது கேஸ் அடுப்பில் சமைப்பேன். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸி இங்கே ஓடாது. மாவை வீட்டிலேயே அரைத்து எடுத்துப் போவது நல்லது. வண்டிக்குள் இருக்கும் சூட்டுக்கு அழகாகப் புளிக்கும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாமல், ஓடும்போது சிங்க்குக்குள் வைத்துவிடுங்கள். பொங்கினாலும் தரை தப்பிக்கும்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது வோல்ட்டேஜ். பழைய மைதானங்களில் சாயங்காலம் எல்லாரும் ஏ.சி. போட்டதும் மின்னழுத்தம் இறங்கும். 105 வோல்ட்டுக்குக் கீழே போனால் ஏ.சி. மோட்டார் கெட்டுவிடலாம். வோல்ட்டேஜ் குறைந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி ஒன்றைக் கம்பத்தில் மாட்டிவிட்டுத்தான் நாங்கள் வண்டியை இணைப்போம்.

தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டே போங்கள். கழிவுக்குக் குழாய் இணைப்பு பெரும்பாலும் இருக்காது. மைதான ஓரத்தில் கொட்டும் இடம் இருக்கும், இல்லாவிட்டால் ஹனி வேகன் என்று ஒரு லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். கழிவறைத் தொட்டியை முதலில் திறந்து, பிறகு குளியல், பாத்திரம் கழுவிய தண்ணீரைத் திறங்கள். சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும்.

நாங்கள் சுத்த சைவம். அங்கே என்னதான் சாப்பிடுவது?

சுட்ட சோளக்கதிர். ஆகஸ்டில் பறித்த அன்றே நெருப்பில் வாட்டி, தோலைக் கைப்பிடி மாதிரி மடித்துக் கொடுப்பார்கள். வெண்ணெயில் முக்கி எடுத்தது. எலுமிச்சம்பழத்தை நம் கண்ணெதிரே பிழிந்து தரும் லெமனேட், ஐஸ்கிரீம், குளிர்ந்த பால் எல்லாம் கிடைக்கும். முட்டை சாப்பிடுபவர்களுக்கு ஐயோவா ஸ்டேட் ஃபேரில் வேகவைத்த முட்டையைக் குச்சியில் குத்தி இலவசமாகவே தருகிறார்கள்.

பொரித்த பண்டங்களில்தான் சிக்கல். உருளைக்கிழங்கும் சீஸும் பன்றி இறைச்சி பொரித்த அதே எண்ணெயில் பொரிக்கப்படலாம். பை எனப்படும் பழப் பணியாரத்தின் மேல்மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது இந்தப் பக்கத்தில் பழைய வழக்கம். வேகவைத்த மொச்சை, பீன்ஸ் வகைகளிலும் இறைச்சித் துண்டு இருக்கும். கேளுங்கள், கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்வார்கள். நாங்கள் காலையில் இட்லியும் ராத்திரியில் தயிர்சாதமும் வண்டியிலேயே முடித்துவிடுவோம். நடுவில் சோளம்.

வெண்ணெயில் பசு செய்து வைக்கிறார்களாமே, நிஜ வெண்ணெயா? வீணடிப்பு இல்லையா?

நிஜ வெண்ணெய்தான். ஐயோவா ஸ்டேட் ஃபேரில் 1911 முதல் இருக்கிறது. உள்ளே மரமும் கம்பியும் இரும்பு வலையும் சேர்ந்த எலும்புக்கூடு. அதன்மேல் சுமார் 600 பவுண்டு, அதாவது 270 கிலோ வெண்ணெயை அப்பிச் செதுக்குகிறார்கள். ஏறக்குறைய 40 டிகிரி ஃபாரன்ஹீட் குளிரில் கண்ணாடி அறைக்குள் நிற்கும். வெண்ணெய் வீணாவதில்லை, ஃபேர் முடிந்ததும் எடுத்து வைத்து, பத்து வருடம் வரைக்கும் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள்.

நார்மா டஃபி லயன் என்ற பெண்மணி 1960 தொடங்கி 2006 வரை இதைச் செய்தார். அவரிடம் சிறு வயதிலிருந்து உதவியாளராக இருந்து கற்றுக்கொண்ட சாரா பிராட் அதற்குப் பிறகு செய்கிறார். கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது நான் மடியைத்தான் பார்த்தேன். நரம்பு ஓடும் இடம், காம்பு சற்றே வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும் விதம் எல்லாம் கறவை மாட்டோடு பழகிய கைக்குத்தான் வரும். வரிசை நீளமாக இருக்கும். காலையிலேயே போங்கள்.

மாட்டுப் போட்டியில் ரிப்பன் கொடுக்கிறார்கள், எங்களுக்கு ஒன்றும் புரிவதில்லை. எதைப் பார்ப்பது?

முதலில், போட்டி இரண்டு வகை. ஒன்றில் மாட்டுக்கு மதிப்பெண்; மற்றதில் மாட்டைப் பிடித்திருக்கும் பிள்ளைக்கு. இரண்டாவதுக்கு ஷோமேன்ஷிப் என்று பெயர். எனக்கு அதுதான் பிடிக்கும். பிள்ளையின் கண் நடுவரை விட்டு அகலக் கூடாது, அதே நேரத்தில் கையிலிருக்கும் நீளக் குச்சியால் மாட்டின் நாலு காலையும் சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். கறவை மாட்டுப் போட்டியில் பிள்ளைகள் வெள்ளை உடுப்பு போடுவார்கள். செம்மறியாட்டைக் கயிறே இல்லாமல் கையால் பிடித்து நிறுத்துவார்கள். பன்றியைக் குச்சியால் தட்டித் தட்டி நடத்துவார்கள்.

நீலம் முதல் தரம், சிவப்பு இரண்டாவது, வெள்ளை மூன்றாவது, ஊதா ஒட்டுமொத்தச் சாம்பியனுக்கு. பிள்ளைகளின் போட்டிகளில் பல இடங்களில் ஒவ்வொருவரையும் ஒரு தர அளவோடுதான் ஒப்பிடுவார்கள் என்பதால் ஒரே வகுப்பில் பலருக்கு நீல ரிப்பன் கிடைக்கும். பச்சை நாலிலைச் சின்னம் பார்த்தால் அது ஃபோர்-எச் அமைப்பு. தலை, இதயம், கைகள், உடல்நலம் என்று அந்த நான்கு சொற்களும் ஆங்கிலத்தில் எச் எழுத்தில் தொடங்குவதால் வந்த பெயர். நீலக் கார்டுராய் ஜாக்கெட் போட்ட பெரிய பிள்ளைகள், 1928-இல் தொடங்கிய எஃப்.எஃப்.ஏ. என்ற மாணவர் அமைப்பைச் சேர்ந்தவர்கள்.

நடுவர் மைக்கில் காரணம் சொல்லும்போது எழுந்து போய்விடாதீர்கள். இந்தக் கிடாரியின் முதுகு ஏன் நேராக இருக்கிறது, அந்தக் கன்று நடக்கும்போது பின்னங்கால் ஏன் இடறுகிறது என்று அவர் சொல்லச் சொல்ல நம் கண்ணும் பழகிவிடும். மூன்றாவது வகுப்பு வருவதற்குள் என் வீட்டுக்காரர் அவரே மனத்துக்குள் இடம் போட ஆரம்பித்துவிட்டார்.

எங்களுக்கு அறுபத்தைந்து தாண்டியாச்சு. தொழுவத்துக்குள் போனால் நோய் தொற்றாதா?

பன்றிக் கொட்டகையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இதை வற்புறுத்தியே சொல்கிறேன். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோர் ஃபேர்களில் பன்றிகள் இருக்கும் கொட்டகைக்குள் போக வேண்டாம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. பன்றிக்கு வரும் ஃப்ளூ மனிதருக்கும் தாவக்கூடியது. 2012 கோடையில் அப்படி முந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்றியது, பெரும்பாலும் ஃபேர்களில் பன்றியோடு பழகியவர்களுக்கு.

மற்ற கொட்டகைகளுக்குப் போகலாம். சாப்பிடும் பொருள், குடிக்கும் பொருள் எதையும் உள்ளே எடுத்துப் போகாதீர்கள், வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நான்காவது பதிலில் காபித் தம்ளரோடு வெளியே வந்தேன் என்று எழுதியிருக்கிறேன். அது கொட்டகைக்கு வெளியே, மாடு குளிப்பாட்டும் தளத்துக்கு எதிர்ப்பக்கம் நின்று குடித்த காபி.

முழங்கால் வலி. அவ்வளவு தூரம் நடக்க முடியுமா?

சின்ன ஃபேரில் பிரச்சினையே இல்லை. ஐயோவா ஸ்டேட் ஃபேரில் முகாம் மேட்டின் மேல் இருக்கிறது, கடைத்தெரு கீழே. ஏறி இறங்க வண்டி வசதி, தொங்கு நாற்காலி எல்லாம் உண்டு. பெரிய ஃபேர்களில் மின்சார ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும். முதியோருக்கு நுழைவுக் கட்டணம் குறையும் நாளும் பல இடங்களில் உண்டு, முன்னாலேயே கேளுங்கள்.

காலை ஐந்தரை முதல் பதினொன்று வரை சுற்றிவிட்டு, வெயில் நேரத்தில் வண்டிக்குத் திரும்பி ஒரு தூக்கம் போட்டு, ஆறு மணிக்கு மறுபடி இறங்குவதுதான் எங்கள் வழக்கம். உள்ளேயே தங்குவதில் இது இன்னொரு லாபம். இன்சுலின் வைத்திருப்பவர்கள் கவனிக்க: கேஸில் ஓடும் பழைய வகை ஃபிரிட்ஜ், வண்டி சாய்வாக நின்றால் சரியாகக் குளிராது. நிறுத்தியவுடன் மட்டம் பாருங்கள்.

மழை, சூறாவளி வந்தால் ஆர்.வி.க்குள்ளேயே இருந்துவிடலாம்தானே?

மழைக்கு இருக்கலாம். சூறாவளிக்கு ஒருபோதும் இருக்கக் கூடாது. ஆர்.வி. காற்றில் கவிழும். போய் இறங்கியதுமே, உறுதியான கட்டடம் எது, செங்கல் சுவர் வைத்த கழிவறை எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நாம் நிற்கும் கவுன்ட்டியின் பெயரை மனப்பாடம் செய்யுங்கள். வானிலை எச்சரிக்கை ரேடியோவில் கவுன்ட்டி பெயரைச் சொல்லித்தான் வரும். ஊர் பெயர் மட்டும் தெரிந்த வழிப்போக்கருக்கு அது தனக்குத்தான் என்று புரியாது. நாங்கள் உயரம் எழுதிய சீட்டுக்குக் கீழேயே தினமும் கவுன்ட்டி பெயரையும் எழுதுகிறோம்.

சாதாரண மழையும் சேறாக்கிவிடும், ஏனென்றால் முகாம் என்பது பெரும்பாலும் புல்வெளிதான். பிஸ்கட்டைப் பார்த்த அந்த ஃபேரில் இரண்டாம் நாள் ராத்திரி நல்ல மழை. மறுநாள் தண்ணீர் நிரப்ப வண்டியை நகர்த்தப் போனால் பின்சக்கரம் அச்சு வரை இறங்கிவிட்டது. நாங்கள் யாரையும் கூப்பிடுவதற்கு முன்பே ஒரு பெரியவர் டிராக்டரோடு வந்துவிட்டார். சங்கிலி மாட்டி, ஐந்து நிமிடத்தில் இழுத்துவிட்டார். பணம் கொடுத்ததற்குக் கையை விரித்து மறுத்துவிட்டு, "பத்து மணிக்கு என் பேத்தி மாடு நிறுத்துகிறாள், வந்து கை தட்டுங்கள்" என்றார். பேத்தி யார் என்றால், சோப்புப் போட்டுக்கொண்டிருந்த அதே பெண்.

அங்கே எல்லாரும் வெள்ளைக்காரர்களாகத்தானே இருப்பார்கள்? நம்மை எப்படிப் பார்ப்பார்கள்?

சின்ன ஊர்களில் பல நேரம் மைதானத்தில் நாங்கள் இருவர் மட்டும்தான் இந்தியர்கள். பார்ப்பார்கள். ஆனால் பேச்சு மாட்டைப் பற்றி ஆரம்பித்தால் போதும், பிறகு அந்தப் பார்வை இருக்காது. என் அப்பா வீட்டில் இரண்டு எருமையும் ஒரு பசுவும் இருந்தன. எத்தனை லிட்டர் கறக்கும், என்ன தீனி, சினைக் காலத்தில் என்ன கொடுப்பீர்கள் என்று அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு முப்பது வருட அமெரிக்க வாழ்க்கையில் நான் முதன்முறையாகப் பதில் சொன்னேன். பருத்திக்கொட்டை, புண்ணாக்கு என்றதும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் பேச்சை.

ஒரு முறை ஒருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த கொட்டகைக்குப் போய்விட்டோம். இத்தனை ஃபேர்களில் ஒருமுறைதான்.

செலவு எவ்வளவு ஆகும்? ஹோட்டலில் தங்குவதைவிட லாபமா?

லாபத்துக்காக ஆர்.வி. வாங்காதீர்கள். எங்கள் வண்டி ஒரு கேலனுக்கு எட்டு முதல் பத்து மைல்தான் தருகிறது. இன்ஷூரன்ஸ், பராமரிப்பு தனி. மிச்சப்படுவது சாப்பாட்டில்தான்.

62 வயது ஆன அமெரிக்கக் குடிமக்களும் பச்சை அட்டை உள்ளவர்களும் 80 டாலர் கட்டி, தேசியப் பூங்காக்களுக்கான ஆயுட்கால முதியோர் பாஸ் வாங்கிக்கொள்ளலாம். ஃபேரில் அது செல்லாது. ஆனால் மேலே சொன்ன சேலர்வில் ஏரி மாதிரியான மத்திய அரசு முகாம்களில் பாதிக் கட்டணத்தில் தங்கலாம் என்பதால், போகும் வழிச் செலவு நன்றாகக் குறையும்.

கனடாவிலிருந்து வருகிறோம். திரும்பும்போது எல்லையில் பிரச்சினை வருமா?

பண்ணைக்குப் போனீர்களா, கால்நடை அருகே இருந்தீர்களா என்று இரண்டு பக்கமும் கேட்பார்கள். மறைக்காமல் ஆமாம் என்று சொல்லுங்கள். செருப்பு, பூட்ஸை முந்தைய நாளே சேறு, சாணம் இல்லாமல் கழுவி வையுங்கள்.

நாமும் எதிலாவது கலந்துகொள்ள முடியுமா? என் ஊறுகாயை வைக்கலாமா?

ஊறுகாய், ஜாம், பை, குவில்ட் எனப்படும் ஒட்டுத்துணிப் போர்வை எல்லாவற்றுக்கும் போட்டி உண்டு. ஆனால் பெரும்பாலும் அந்தக் கவுன்ட்டியிலோ மாநிலத்திலோ வசிப்பவர்களுக்குத்தான், பதிவும் பல வாரம் முன்பே முடிந்துவிடும். உங்கள் சொந்தக் கவுன்ட்டியில் கேட்டுப் பாருங்கள். வழிப்போக்கர்களுக்கு பிங்கோ, கூட்டு நடனம் மாதிரி மாலை நேர நிகழ்ச்சிகள் இருக்கின்றன.

ஐயோவா ஸ்டேட் ஃபேரில் கணவரைக் கூப்பிடும் போட்டி என்று ஒன்று உண்டு. வயலில் தூரத்தில் இருக்கும் கணவரைச் சாப்பிடக் கூப்பிடுவது மாதிரி மேடையில் நின்று குரல் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு வந்த ராத்திரி, பக்கத்து வண்டிப் பெண்கள் நீங்கள் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டார்கள். எங்கள் பக்கம் பெயர் சொல்ல மாட்டோம், "ஏங்க" என்போம் என்றேன். எங்கே கூப்பிடுங்கள் என்றார்கள். வாய்க்கால் மேட்டில் நின்று என் அம்மா கூப்பிட்ட மாதிரியே, கடைசி எழுத்தை நீட்டி, குரல் எடுத்துக் கூப்பிட்டேன். தண்ணீர்க் குழாயடியில் இருந்த என் வீட்டுக்காரர் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார். அவர்கள் மூன்று பேரும் அதைக் கற்றுக்கொண்டுதான் படுக்கப் போனார்கள்.

பிள்ளைகள் ஆசையாக வளர்த்த மாட்டையே கடைசி நாளில் வெட்டுக்கு ஏலம் விடுகிறார்களாமே? அதைப் பார்க்க மனசு வருமா?

உண்மைதான். கறிக்காக வளர்க்கும் காளை, பன்றி, ஆடு எல்லாம் கடைசியில் ஏலத்துக்குப் போகும். அந்த ஊர் வங்கி, உரக்கடை, டிராக்டர் கடைக்காரர்கள் சந்தை விலையைவிட அதிகம் கொடுத்து எடுப்பார்கள். அந்தப் பணத்தைப் பிள்ளைகள் படிப்புக்குச் சேர்த்து வைப்பார்கள், வாங்கியவருக்குக் கையால் நன்றிக் கடிதம் எழுதுவார்கள். பார்க்க வேண்டாம் என்று தோன்றினால் அன்று காலையே கிளம்பிவிடலாம். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வளர்ப்புப் பசுவையும் கன்றையும் விற்காத வகுப்புகளும் உண்டு, அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நாங்கள் ஒரே ஒரு ஏலத்துக்குத்தான் போயிருக்கிறோம். பெரியவர் கேட்டுக்கொண்டதற்காகப் போட்டிக்குப் போய்க் கை தட்டினோம், நீல ரிப்பன் கிடைத்தது, அப்புறம் ஏலத்துக்கும் இருந்துவிட்டோம். அந்தப் பெண் பிஸ்கட்டைப் பிடித்துக்கொண்டு வட்டத்துக்குள் சுற்றி வந்தாள். ஏலம் விடுபவர் வேகமாகச் சொல்லிக்கொண்டே போக, அவள் ஒரு கையால் கயிற்றைப் பிடித்து, மற்றதால் அதன் தாடைக்கடியில் சொறிந்துகொண்டே இருந்தாள். வெளியே வந்ததும் அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தாத்தா கொஞ்ச தூரம் தள்ளியே நின்றார், கிட்டப் போகவில்லை. நானும் அழுதேன். சைவமான என்னால் அந்த முடிவை ஏற்க முடியவில்லை. ஆனால் தட்டில் வருவது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து, அதற்குத் தினமும் தீனி வைத்து, குளிப்பாட்டி, பெயர் வைத்து, பிறகு அழவும் செய்யும் பிள்ளையைக் குறை சொல்லவும் என்னால் முடியவில்லை.

மறுநாள் காலை கிளம்புவதற்கு முன் விடைபெறப் போனோம். பிஸ்கட் நின்ற இடத்தில் வைக்கோலைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். கயிறு சுருட்டி அவள் தோளில் இருந்தது. அடுத்த வருடம் வருவீர்களா என்று கேட்டாள். வருவோம் என்றோம். அடுத்ததற்குக் கன்று வீட்டில் ரெடியாக இருக்கிறது, மார்ச்சில் பிறந்தது, இன்னும் தாயிடம் பால் குடிக்கிறது, பெயர் இன்னும் வைக்கவில்லை என்றாள்.